நிற்கும்போது மின்சாரம் தரும் ரயில்

சென்னைக் கடற்கரையிலிருந்து கிளம்பும் புறநகர் ரயில் தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் 17 முறை நின்றாக வேண்டும். கோட்டையில் தொடங்கி சானடோரியம் வரை இடையில் 16 நிலையங்கள், கடைசியில் தாம்பரம். வேகம் பிடிப்பது, உடனே நிறுத்துவது, மறுபடி வேகம் பிடிப்பது என்று பகல் முழுக்க இதே வேலை.

ஆட்களோடு சேர்த்து 600 டன் எடையுள்ள ரயில் ஒன்று மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஓட்டத்துக்குள் சுமார் 31 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ரயிலை நிறுத்த வேண்டுமென்றால் அத்தனையையும் எங்காவது கொண்டுபோய்த் தீர்த்தாக வேண்டும். பழைய வண்டிகள் அதைப் பிரேக் கட்டையில் தேய்த்துச் சூடாக்கிக் காற்றில் விட்டன. மூன்று நிலையங்களில் நின்றாலே, தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஏறக்குறைய முழுவதும் இப்படிப் புகையாகப் போயிருக்கும்.

2025 ஏப்ரல் 19 அன்று கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஓடத் தொடங்கிய 12 பெட்டி ஏசி ரயில், பெரம்பூரிலுள்ள ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் கட்டப்பட்டது. அந்த வண்டியும், அதைப்போல மும்முனை மோட்டார் பொருத்திய மற்ற புதிய வண்டிகளும் அந்த ஆற்றலை அப்படி வீணாக்குவதில்லை. பிரேக் போடும்போது அவற்றின் மோட்டார்கள் ஜெனரேட்டர்களாக மாறுகின்றன. குரோம்பேட்டைக்குள் நுழைந்து வேகம் குறைகிற ரயில், அந்தச் சில நொடிகளுக்கு மேலே ஓடும் கம்பிக்கு மின்சாரம் கொடுக்கிறது. அதற்காகத் தனிக் கருவி எதையும் வண்டியில் மாட்டவில்லை. ரயிலை இழுத்துவந்த மோட்டாரேதான் இந்த வேலையையும் செய்கிறது.

ஒரே இயந்திரம் எப்படி இரண்டு வேலையையும் செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், 'காந்தத்தை வைத்தே சுழற்றி வீட்டுக்கு இலவச மின்சாரம்' என்று யூடியூபில் வலம் வரும் வீடியோக்களை என்ன செய்வது என்பதும் புரிந்துவிடும்.

நூறு ஆண்டு இடைவெளி

கடற்கரை–தாம்பரம் பாதையில் பயணிகளுக்கான மின்சார ரயில் 1931 மே 11 அன்று தொடங்கியது. தென்னிந்திய ரயில்வே ஓட்டிய மீட்டர்கேஜ் வண்டி அது. 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடியது. அதற்கு மிகச் சரியாக நூறு ஆண்டு முன்பு, 1831இல், லண்டனில் மைக்கேல் ஃபாரடே கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நகர்த்தினால் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டார். திட்டமிட்டு வைத்த நூற்றாண்டு விழா ஒன்றுமில்லை, தற்செயல்தான். ஆனாலும் தாம்பரத்துக்காரர்கள் சொல்லிக்கொள்ளத் தக்க தற்செயல். மின்சார வண்டி என்பது சென்னைக்கு அதற்கு முன்பே பழக்கம். நாட்டின் முதல் மின்சார டிராம் 1895இல் இங்கேதான் ஓடியது, 1953 வரை ஓடியது.

ஃபாரடேயின் கண்டுபிடிப்புக்கு மறுபாதி ஒன்று உண்டு. அது அவருக்குச் சற்று முந்தியது. கம்பியில் மின்சாரம் ஓடினால் பக்கத்திலிருக்கும் திசைகாட்டி முள் திரும்புகிறது என்று டென்மார்க்கின் ஆர்ஸ்டெட் 1820இல் பார்த்தார். மின்சாரம் ஓடும் கம்பி தானே ஒரு காந்தமாகிவிடுகிறது என்று அதற்கு அர்த்தம். இரண்டு காந்தங்கள் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று தள்ளும், இல்லை இழுக்கும். அந்தத் தள்ளுதலையும் இழுத்தலையும் வட்டமாக அமைத்துவிட்டால் அது மோட்டார். ஃபாரடே கண்டது அதற்கு நேரெதிர்: நாம் சுழற்றினால் மின்சாரம் வரும். அது ஜெனரேட்டர்.

இவை இரண்டும் ஒரே இயந்திரம் என்பது வெளியுலகுக்குப் பளிச்சென்று தெரிய 1873 வரை ஆனது. வியன்னா கண்காட்சியில் ஜெனோப் கிராம் வடிவமைத்த டைனமோக்களை வைத்திருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ஒரு டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தைச் சும்மா இருந்த இன்னொன்றுக்குக் கொடுத்ததும் அது தானாகச் சுழன்றது. ஒரு தொழிலாளி கம்பியைத் தவறாக மாட்டியதால் தெரிந்தது என்று கதை சொல்கிறார்கள். கதை எவ்வளவு நிஜமோ தெரியாது, டைனமோ மோட்டாராகச் சுழன்றது நிஜம்.

டைனமோ சைக்கிளின் பாடம்

ரஷ்யாவின் ஹென்ரிக் லென்ஸ் 1834இல் சொன்ன விதிதான் இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளி. காந்தத்தை நகர்த்தி மின்சாரம் எடுக்கிறோம் அல்லவா, அப்படிப் பிறக்கும் மின்சாரமும் ஒரு காந்தத்தை உண்டாக்கும். அந்தப் புதிய காந்தம் எப்போதும் நம் நகர்த்தலை எதிர்த்தே நிற்கும். ஒருபோதும் துணைக்கு வராது.

பழைய சைக்கிளில் டைனமோ வைத்து ஓட்டியவர்களுக்கு இந்த விதியைக் கால் சொல்லிக்கொடுத்திருக்கும். இருட்டியதும் டைனமோவை டயரில் சாய்த்தால் விளக்கு எரியும், கூடவே பெடல் கனக்கும். அந்தக் கனத்தில் உராய்வின் பங்கும் உண்டு என்பது உண்மை. ஆனால் விளக்குக்குப் போகும் ஒவ்வொரு துளி மின்சாரத்துக்கும் கால் தனியாக விலை கொடுத்தே தீரும். பல்பு ஃபியூஸ் போன டைனமோ சற்று லேசாகவே சுற்றும்.

கல்பாக்கத்தில் இருப்பதும் அளவில் பெரிய அதே கதைதான். சென்னை அணுமின் நிலையத்தின் 220 மெகாவாட் அலகுகளில் நீராவி தள்ளும் டர்பைன், நிமிடத்துக்கு 3,000 முறை ஒரு மின்காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. செலையூரில் ஒருவர் வீட்டு மோட்டாரைப் போட்டால், மின்தொகுப்பில் சுழலும் ஜெனரேட்டர்கள் எல்லாமாகச் சேர்ந்து அந்த அளவுக்குக் கூடுதலாகக் கனக்கின்றன. எங்கோ கொஞ்சம் கூடுதல் நீராவி திறக்கப்படுகிறது. நாட்டின் மற்ற பகுதிகளோடு தென்மண்டலத் தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று ஒரே தாளத்தில் இணைந்துவிட்டதால், அந்த 'எங்கோ' இப்போது மிகப் பெரிய வட்டம். சூரியத் தகடு ஒன்றுதான் இதற்கு விலக்கு, அதில் சுழல எதுவும் இல்லை. அனல், அணு, நீர், முப்பந்தல் காற்றாலை எல்லாமே சுழல்வன.

வேகமெடுக்கும் கன்று

இனி ரயில் மோட்டாருக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள வீட்டு போர்வெல்லில் இறக்கியிருக்கும் சப்மெர்சிபிள் மோட்டார் போதும். காயில் எரிந்துபோய் அதைக் கடைக்குக் கொண்டுபோனால், திறந்து பார்க்கும்போது ஒரு வியப்பு காத்திருக்கும்: உள்ளே காந்தமே இல்லை. வெளிவட்டத்தில் செம்புக்கம்பிச் சுருள்கள், நடுவில் உலோகக் கம்பிகள் பதித்த உருளை. அவ்வளவுதான். நிகோலா டெஸ்லா 1888இல் காப்புரிமை பெற்ற தூண்டல் மோட்டார் இதுவே.

காந்தத்தைச் சுருள்கள் உண்டாக்குகின்றன. மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருவதால், சுருள்கள் வரிசையாக ஒவ்வொன்றாகக் காந்தமாகின்றன; கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தம் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுவதுபோல ஆகிவிடுகிறது. அந்த ஓட்டம் நடுவிலுள்ள உருளையில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. லென்ஸ் விதி அங்கேயும் வேலை செய்கிறது: தனக்கும் காந்தத்துக்கும் இருக்கும் வேக வித்தியாசத்தை எதிர்க்க உருளைக்கு இருக்கும் ஒரே வழி, பின்னாலேயே ஓடுவது. ஓடுகிறது, ஆனால் எட்டிப் பிடிப்பதில்லை. 2,850 சுற்றுக்கருகில் நின்றுகொள்கிறது. எட்டிப் பிடித்துவிட்டால் வித்தியாசம் இல்லை, தூண்டல் இல்லை, இழுவையும் இல்லை.

இப்போது அந்த உருளையை வெளியிலிருந்து யாரோ காந்தத்தை விட வேகமாகச் சுற்றினால்? கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடப்பவரை நினைத்துப் பாருங்கள். கன்று பின்தங்கினால் அவர் இழுக்கிறார். கன்று துள்ளி முன்னே ஓடினால் அது அவரை இழுக்கிறது. கயிறு அதேதான், இழுப்பின் திசைதான் மாறுகிறது. உருளை காந்தத்தை முந்தும்போது ஆற்றல் உருளையிலிருந்து சுருளுக்குப் போகிறது. மோட்டார் ஜெனரேட்டர் ஆகிவிட்டது.

ரயிலில் நடப்பது இவ்வளவே. மேலே 25,000 வோல்ட் கம்பி. அதிலிருந்து ரயில் கூரையிலுள்ள பாண்டோகிராஃப் என்ற கை எடுக்கும் மின்சாரம் மின்மாற்றி வழியாகக் குறைந்து, நேர்மின்சாரமாகி, பிறகு இன்வெர்ட்டரில் மும்முனை மின்சாரமாகிறது. இன்வெர்ட்டருக்கு ஒரு பெரிய சலுகை: அதிர்வெண்ணை அது தன் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். மோட்டார்மேன் வேகம் கூட்டச் சொன்னால், சுழலும் காந்தத்தை உருளையை விடச் சற்று வேகமாகச் சுற்றவிடுகிறது. பிரேக் கேட்டால், சற்று மெதுவாக. 600 டன் ரயில் தன் வேகத்தில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பதால் உருளை காந்தத்தை முந்துகிறது. மின்சாரம் திரும்பிப் பாய்கிறது. லென்ஸ் சொன்ன எதிர்ப்பு பிரேக்காகிறது. புதிய வண்டிகள் கிளம்பும்போது ஏறியும் நிற்கும்போது இறங்கியும் கேட்கும் ரீங்காரம், இந்த மின்னணு வேலையின் ஓசை. வேகம் மிகவும் குறைந்துவிட்டால் இந்த முறையில் பிடி கிடைக்காது. கடைசிச் சில மீட்டர் காற்று பிரேக்கின் பொறுப்பு.

1931 வண்டிக்கு இந்த வசதி கிடையாது. கார்பன் பிரஷ் வைத்த நேர்மின்சார மோட்டார் அது. 1967இல் பாதை 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியபோதும் வண்டிக்குள் நேர்மின்சாரமாக்கி அதே வகை மோட்டாருக்குத்தான் கொடுத்தார்கள். மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004இல் விடைபெற்றது. மோட்டார் மாறியதற்குக் காரணம், பெரும் மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் குறைக்கடத்திகள் வந்ததுதான்; டெஸ்லாவின் மோட்டார் அதற்காக ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது.

திரும்பி வரும் மின்சாரம் எங்கே போகிறது? அதே கம்பியில் வேகமெடுத்துக்கொண்டிருக்கும் இன்னொரு ரயிலுக்கு, இல்லையென்றால் துணைமின் நிலையம் வழியாகத் தொகுப்புக்கு. 31 யூனிட்டும் அப்படியே திரும்புவதில்லை. மோட்டார், இன்வெர்ட்டர், மின்மாற்றி ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அவசர நிறுத்தத்தில் கட்டை பிரேக்கும் சேர்ந்துகொள்ளும். இத்தகைய வண்டிகளில் சுமார் 30 சதவீதம் மின்சாரம் மிச்சமாவதாக ரயில்வே சொல்லிவருகிறது. நிறுத்தங்கள் நெருக்கமாக உள்ள பாதைக்கு இது லாபமான ஏற்பாடு.

காந்தம் எரிபொருள் அல்ல

அந்த வீடியோக்களில் ஒரு சக்கரம், சுற்றிலும் காந்தங்கள், பக்கத்தில் பல்பு. சக்கரம் ஓய்வில்லாமல் சுற்றுகிறது, பல்பு எரிகிறது. காந்தம் தள்ளும் என்பது நிஜம்தான். ஆனால் நெருங்கும்போது இழுத்த காந்தம், தாண்டிப் போகும்போது பின்னுக்கு இழுக்கும். ஒரு சுற்றைக் கூட்டிக் கழித்தால் வரவு பூஜ்யம். பேரிங் உராய்வும் காற்றின் தடையும் சேர்ந்தால் பூஜ்யத்துக்கும் கீழே. பல்பை இணைத்த கணத்தில் லென்ஸ் வேறு வந்து நிற்பார். மேசைக்கடியிலோ அச்சுக்குள்ளேயோ பேட்டரி இல்லாமல் அந்தச் சக்கரம் சுற்றாது. ரயில் பிரேக்கில் நமக்கு மின்சாரம் தரும் அதே விதி, இந்த இயந்திரத்தை நிறுத்திவிடுகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் விலக்க முடியாது.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3(அ) பிரிவு, நிலைபெற்ற இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணாக இருப்பதைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை.  வீடியோக்காரர்கள் 'பெரிய நிறுவனங்கள் அமுக்கிவிட்டன' என்று சொல்வது வழக்கம். மின்கட்டணம் கட்டி அலுத்த எந்தத் தொழிற்சாலை முதலாளியும் அப்படி ஓர் இயந்திரத்தை அமுக்க மாட்டார், இரண்டாக வாங்கி வைத்துக்கொள்வார்.

நிலைக்காந்தத்தால் மிச்சமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கடைகளில் பி.எல்.டி.சி. என்று விற்கும் மின்விசிறியில் நிஜமாகவே காந்தம் இருக்கிறது. பழைய விசிறி காந்தப்புலத்தை உண்டாக்கவே மின்சாரம் செலவழித்து, உருளையிலும் கொஞ்சத்தைச் சூடாக்கும். நிலைக்காந்தத்துக்கு அந்தச் செலவு இல்லை. 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட் போதும். தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 27 யூனிட் குறையும். காந்தம் இங்கே விரயத்தைக் குறைக்கிறது, ஆற்றலைத் தரவில்லை.

மின்சார ஸ்கூட்டர்களின் மோட்டாரிலும் இதே காரணத்துக்காக வலுவான நியோடிமியம் காந்தங்களைப் பொருத்துகிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் இந்திய வாகனத் துறை திணறியது. அந்த நவம்பரில், ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் உள்நாட்டிலேயே தயாரிக்க ₹7,280 கோடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அருமண் தனிமங்கள் அடங்கிய மோனசைட், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே நெடுங்காலமாக மணலைப் பிரித்துவருகிறது. கிள்ளியூர் வட்டத்திலும் மணல் எடுக்கும் திட்டத்தை, கதிர்வீச்சுக்கும் கடலரிப்புக்கும் அஞ்சும் கடலோர மக்கள் எதிர்த்துவருகிறார்கள்.