மிளகாய் நெடியும் காய்ச்சல் வலியும்

சம்பலுக்குக் காய்ந்த மிளகாயை வதக்கும்போது கொஞ்சம் கருகினால் போதும். ஹாலில் டிவி பார்ப்பவர் இருமுவார், அறையில் படுத்திருக்கும் பிள்ளைக்குக் கண் எரியும். கருகியது சட்டியில்தான். வீடெல்லாம் பரவியது நெடி. இருமல், உடம்பு வலி, குமட்டல் மூன்றும் சேர்ந்து வரும்போது உடம்புக்குள் நடப்பதும் அதுவே.

ஃப்ளூவையே எடுத்துக்கொள்வோம். கிருமி பெருகும் மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழாயும்தான் சட்டி. அங்கே உள்தோல் புண்ணாகி நரம்பு உறுத்துவதால் இருமுகிறோம். முதுகும் தொடையும் வலிக்கக் கிருமி அங்கே போக வேண்டியதில்லை. அதை எதிர்க்கும் உயிரணுக்கள் இன்டர்ஃபெரான், இன்டர்லூகின் போன்றவற்றை இரத்தத்தில் விடுகின்றன. இவைதான் நெடி. இவற்றின் தூண்டுதலால் உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் மூளையில் காய்ச்சலை ஏற்றுகிறது, வலி நரம்புகளை உசுப்பிவிடுகிறது. மூளைத் தண்டில் இரத்தத்தைச் சோதிக்கும் சிறு பகுதி ஒன்று உண்டு. மூளையின் மற்ற இடங்களை இரத்தத்திலிருந்து பிரிக்கும் தடுப்பு அங்கே இல்லை. நெடி அதை எட்டியதும் வயிறு புரட்டுகிறது.

ஆகவே வலியும் குமட்டலும் ஏதோ கருகுகிறது என்று மட்டும் சொல்லும். எந்தச் சட்டி என்று சொல்லாது. அதை வேறு தடயங்களில் தேட வேண்டும்.

மலாக்காவில் இப்படிக் காய்ச்சல் வந்தால் முதலில் நினைக்க வேண்டியது டெங்கி. இருமல் பெரும்பாலும் லேசாக இருக்கும். கண்ணுக்குப் பின்னால் வலிக்கும். 3 முதல் 7 நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. ஓயாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் இரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

அடுத்தது எலிச் சிறுநீர் நோய். ஜாசின், அலோர் காஜா பக்கம் செம்பனைத் தோட்டங்களில் உதிர்ந்த பழத்தைத் தின்ன எலி வரும். அதன் சிறுநீர் கலந்த சேற்றில் வெடித்த காலோடு நடந்தால் லெப்டோஸ்பைரா என்ற கிருமி உள்ளே நுழைந்துவிடும். கெண்டைக்காலை அமுக்கினால் ஆள் துடித்துப்போவார். கண் சிவந்திருக்கும், பீளை இருக்காது. நுரையீரலைத் தாக்கினால் சளியில் இரத்தம் வரும். மலேசியாவில் 2010 முதல் இது சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்.

மூன்றாவது, லாலாங் புல்லிலும் புதரிலும் இருக்கும் நுண்ணுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ். அக்குளிலோ தொடை இடுக்கிலோ வலிக்காத கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கலாம். தேடிப் பார்த்தால்தான் தெரியும். 1948இல் கோலாலம்பூரில் ஜோசப் ஸ்மேடல் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழுவினர் குளோரம்பெனிகால் கொடுத்து இந்நோயைக் குணப்படுத்திக் காட்டினார்கள். இன்று டாக்சிசைக்ளின் கொடுக்கிறார்கள்.

பனடோல் போடுவது ஜன்னலைத் திறப்பது மாதிரி. நெடி குறையும், அடுப்பு அணையாது. டெங்கி சந்தேகம் இருக்கும்போது பொன்ஸ்தான், புரூஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டலாம்.

கிளினிக்கில் "உடம்பெல்லாம் வலி டாக்டர்" என்பதோடு நிறுத்தாதீர்கள். காய்ச்சல் எத்தனை நாள், எந்தத் தோட்டத்தில் வேலை, சேற்றில் இறங்கினீர்களா, பக்கத்து வீட்டில் டெங்கியா என்று சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் காத்திருக்காதீர்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை கேளுங்கள்.