தாழி உடைந்த கதைகள்

கடைசிச் சீட்டு எட்டு. அதைப் பார்த்த பிறகு மேட் அஃப்லெக் அந்த மேஜையில் அதிக நேரம் இருக்கவில்லை. எழுந்தார், கண் கலங்கி அரங்கை விட்டு வெளியேறினார். 2010-ஆம் ஆண்டு ஜூலை மாதம், லாஸ் வேகாஸின் ரியோ ஓட்டலில் நடந்தது இது. வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் மெயின் ஈவென்ட். ஆளுக்கு 10,000 டாலர் கட்டி 7,319 பேர் உட்கார்ந்த ஆட்டத்தில் அப்போது மிச்சம் இருந்தவர்கள் 15 பேர்தான்.

போக்கரில் இன்று அதிகம் ஆடப்படும் டெக்சஸ் ஹோல்டம் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு, மேஜை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. பொதுச் சீட்டில் முதலில் மூன்று விழும், அது ஃப்ளாப். அடுத்து ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் ஏறும். அஃப்லெக் கையில் ஆஸ் ஜோடி. 221 கைக்கு ஒருமுறை வாய்க்கும் ராஜ கை. எதிரே கனடா நாட்டு இளைஞர் ஜொனாதன் டுஹாமெல், ஜாக்கி ஜோடியுடன். ஃப்ளாப்பில் 10, 9, 7. டர்னில் ராணி. அஃப்லெக் தன்னிடம் இருந்த சிப் அத்தனையையும் நடுவே தள்ளினார். டுஹாமெல் நெடுநேரம் யோசித்தார், பிறகு சரி என்றார்.

அந்த நிமிடத்தில் கணக்கு இது: பார்வைக்கு வராத 44 சீட்டில் டுஹாமெலைக் காப்பாற்றக்கூடியவை பத்து. நாலு எட்டு, நாலு ராஜா, இரண்டு ஜாக்கி. மற்ற 34 சீட்டில் எது வந்தாலும் ஜெயிப்பது அஃப்லெக். அரங்கில் இருந்த மொத்தச் சிப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே குவியலில் கிடந்தது. வந்தது எட்டு. அஃப்லெக் 15-ஆம் இடத்துடன் 5,00,165 டாலர் வாங்கிக்கொண்டு போனார். டுஹாமெல் அந்தச் சிப்பை வைத்துக்கொண்டே நவம்பரில் நடந்த இறுதி மேஜைக்குப் போய், 89,44,310 டாலரும் சாம்பியனுக்கான தங்கக் காப்பும் வென்றார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று நம் ஊரில் சொல்வோம். போக்கர் ஆடுகிறவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பேட் பீட். நல்ல கையோடு, சரியான நேரத்தில், சரியாகப் பணத்தை வைத்தும் தோற்பது. அதைச் சொல்லி ஆற்றிக்கொள்வது அந்த உலகத்தில் சீட்டுக் கலைப்பதைப் போலவே அன்றாடம் நடப்பது. இடைவேளைக்கு மணி அடித்தால் போதும், தாழ்வாரம் முழுக்க இந்தக் கதைதான் ஓடும்.

நான் பணம் வைத்து ஆடுகிறவன் அல்ல, பார்க்கிறவன். ஜூலை வந்துவிட்டால் என் தூக்கம் மாறிவிடும். லாஸ் வேகாஸில் நண்பகல் என்றால் சென்னையில் நள்ளிரவு 12.30. கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பன் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக ஒரே ஒளிபரப்பைப் பார்த்தபடி தொலைபேசியில் இருப்போம். பத்து ஆண்டுக்கு மேலாகிறது. பேச்சில் பாதி, எப்போதோ உடைந்த தாழிகளைப் பற்றித்தான்.

எல்லாத் தோல்வியும் பேட் பீட் ஆகிவிடாது. இதில் நான் கொஞ்சம் கறார். 2017 மெயின் ஈவென்ட்டின் முதல் நாள், முதல் ஒரு மணி நேரத்துக்குள் வனெசா செல்ப்ஸ்ட் வெளியேறினார். மூன்று காப்பு வென்ற ஆட்டக்காரர். கையில் ஆஸ் ஜோடி. ஃப்ளாப்பில் இன்னொரு ஆஸ். டர்னில் பொதுச் சீட்டில் ஏழு ஜோடியாகி ஃபுல் ஹவுஸ், அதாவது மூன்று ஆஸும் இரண்டு ஏழும். எதிரே கேல் போமனிடம் இருந்ததோ மற்ற இரண்டு ஏழு. நாலு ஏழு சேர்ந்துவிட்டது. கடைசிச் சீட்டு விழுந்து பணம் முழுவதும் உள்ளே போகும்போதே செல்ப்ஸ்ட் பின்தங்கித்தான் இருந்தார். அது அவருக்குத் தெரிய வழியே இல்லை. இதற்குப் பெயர் கூலர். யார் அந்த நாற்காலியில் இருந்தாலும் தோற்றிருப்பார்கள். கூலரில் வலி உண்டு, ஆனால் அடுத்த சீட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அந்தத் துடிப்பு இல்லை. பேட் பீட்டில் நீ முந்தி இருக்கிறாய், முந்தி இருப்பதை நீயும் பார்க்கிறாய், ஊரும் பார்க்கிறது. அப்புறம்தான் சீட்டு திரும்புகிறது.

ஊர் பார்க்கிறது என்றேன். அது எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1970-இல் பென்னி பினியன் தன் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் தொடங்கியபோது இந்த வேர்ல்ட் சீரிஸ் ஒரு சிலர் கூடி ஆடிய ஆட்டம். முதல் சாம்பியனான ஜானி மாஸை ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தார்கள். அந்தக் காலத்துப் பேட் பீட் எல்லாம் வாய்வழிக் கதை. தோற்றவன் சீட்டைக் காட்டாமல் எறிந்துவிட்டால் அவன் சொல்வதே சாட்சி. இதை மாற்றியவர் ஹென்றி ஓரன்ஸ்டைன். போலந்தில் பிறந்த யூதர், நாஜி முகாம்களிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர், அமெரிக்காவில் பொம்மைத் தொழிலில் பெரிய ஆளானவர். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளை அமெரிக்கக் குழந்தைகளின் கையில் சேர்த்ததில் அவருக்குப் பங்கு உண்டு. ஆட்டக்காரர் கையில் மறைத்து வைத்திருக்கும் சீட்டைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டும் கேமரா முறைக்குக் காப்புரிமை வாங்கியவரும் அவரே. அது வந்த பிறகுதான் வீட்டில் உட்கார்ந்திருக்கும் என் போன்றவனுக்கு மேஜையில் இருப்பவரைவிட அதிகம் தெரிந்தது. திரையில் சதவீதம் ஓடுகிறது: இவருக்கு 77, அவருக்கு 23. அஃப்லெக் சொல்லித்தான் நாம் நம்ப வேண்டும் என்பதில்லை. நாமே சாட்சி.

அந்தக் கேமரா காட்டிய கைகளில் நான் இன்னும் விவாதித்துக்கொண்டிருப்பது 2003-இல் நடந்தது. டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் ஒருவர், இணையத்தில் சின்னத் தகுதிச்சுற்று ஆடி இடம் பிடித்தவர், முதல் பத்துப் பேருக்குள் வந்துவிட்டார். கிறிஸ் மணிமேக்கர் என்பது அவருடைய நிஜப் பெயர். எதிரே ஃபில் ஐவி. அந்த மேஜையில் எல்லோரும் அஞ்சிய ஆள். மணிமேக்கரிடம் ஆஸும் ராணியும், ஐவியிடம் ஒன்பது ஜோடி. ஃப்ளாப்பில் இரண்டு ராணியும் ஓர் ஆறும். மணிமேக்கர் வெகுதூரம் முந்திவிட்டார். டர்னில் ஒன்பது! ஐவிக்கு ஃபுல் ஹவுஸ். பணம் எல்லாம் அப்போதுதான் உள்ளே போனது. மணிமேக்கருக்கு மிச்சம் இருந்தது 44-இல் ஏழு சீட்டு. ரிவரில் வந்தது ஆஸ். ஐவி பத்தாம் இடத்தோடு எழுந்தார்.

இது யாருடைய பேட் பீட்? என் நண்பன் ஐவி பக்கம். பணம் உள்ளே போன நொடியில் யார் முந்தி இருந்தார் என்பதுதான் கணக்கு, அதனால் ஐவிக்கு நடந்ததுதான் அநியாயம் என்பான். சட்டப்படி அவன் சொல்வது சரி. ஆனால் டர்னில் அந்த ஒன்பது விழுந்தபோது மணிமேக்கர் வயிற்றில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் அந்தக் கையை என்னால் பார்க்க முடிவதில்லை. அவர் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் எடுத்துப்போனார். அந்த ஆண்டு ஆடியவர்கள் 839 பேர். அடுத்த ஆண்டு 2,576. அதற்கடுத்து 5,619. 2006-இல் 8,773. கணக்காளரால் முடிந்தால் நம்மாலும் முடியும் என்று கிளம்பி வந்த கூட்டம் அது. ரிவரில் அந்த ஆஸ் வராமல் போயிருந்தால் இந்தக் கூட்டம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

வென்றவன் பெயர் நிலைக்கும், தோற்றவன் கதை அவன் வாயோடு நிற்கும். 1976, 1977 இரண்டு ஆண்டும் டாய்ல் பிரன்சன் கடைசிக் கையில் பத்தும் இரண்டும் என்ற சொத்தைச் சீட்டை வைத்து வென்றார். இன்றைக்கும் அந்தக் கைக்கு அவர் பெயர்தான். 1976-இல் எதிரே இருந்த ஜெஸ்ஸி ஆல்ட்டோ ஃப்ளாப்பிலேயே ஆஸ், ஜாக்கி என்று இரண்டு ஜோடி கட்டியிருந்தார். டர்னில் இரண்டு, ரிவரில் பத்து. ஆல்ட்டோ பெயரால் எந்தக் கையும் இல்லை.

தோற்றவனுக்கு மிஞ்சுவது சொல்லும் உரிமை மட்டும்தான். அதையும் கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம். பேட் பீட் சொல்ல வாயெடுத்தால், ‘கேட்க ஒரு டாலர் ஆகும், முதலில் வை’ என்று கை நீட்டும் வழக்கம் அமெரிக்க ஆட்டக்கூடங்களில் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. ஆறு நாள் கண்விழித்து ஆடி, ஒரு சீட்டில் எல்லாம் போய் வருகிறவனிடம் அந்த ஒரு நிமிடத்தைக்கூடக் கொடுக்க மாட்டோமா? அதே ஆட்டக்கூடங்கள்தான் வேறு ஒரு ஏற்பாடும் செய்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு ஆட்டத்திலிருந்தும் கொஞ்சம் பிடித்துத் தனியே சேர்த்து வைப்பார்கள். நாலு ஒரே எண் போன்ற பெருங்கை ஒன்று அதைவிடப் பெரிய கையிடம் தோற்றால், சேர்ந்த தொகையில் பெரும்பங்கு தோற்றவருக்கு, அதில் பாதி போல வென்றவருக்கு, மீதி மேஜையில் இருந்த மற்றவர்களுக்கு. பேட் பீட் ஜாக்பாட் என்று பெயர். தோற்றவனுக்கே அதிகம் என்ற அந்த விதியை வகுத்தவர் மனசு அறிந்தவர்.

2008 மெயின் ஈவென்ட்டில் மொட்டோயுக்கி மபுச்சி என்ற ஜப்பானியருக்கு நாலு ஆஸ் சேர்ந்தது. எதிரே ஜஸ்டின் பிலிப்ஸிடம் டைமன் ராஜாவும் டைமன் ஜாக்கியும். ரிவரில் விழுந்த டைமன் ஆஸ்தான் மபுச்சிக்கு நாலாவது ஆஸ். அதே சீட்டுதான் பிலிப்ஸுக்கு பத்து முதல் ஆஸ் வரை ஒரே இனத்தில் அடுக்கும் ராயல் ஃபிளஷ். ஒரு சீட்டு, இருவருக்கும் பிறவிப் பயன். ஒருவர் மட்டும் வீட்டுக்குப் போனார். போட்டியில் ஜாக்பாட் கிடையாது.

இதை எழுதும்போது நம் ஊர் நினைவு வராமல் இல்லை. இங்கே ஆன்லைன் ரம்மியிலும் போக்கரிலும் சம்பளத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் விட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைப் படித்திருக்கிறோம். தமிழ்நாடு 2022-இல் தடைச் சட்டம் இயற்றியது, நீதிமன்றப் படியேறியது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நாடாளுமன்றமே தடை போட்டது. அந்தத் தோல்விகளை நான் பேட் பீட் என்று சொல்ல மாட்டேன். தாங்க முடிந்த இழப்பைப் பற்றித்தான் கதை சொல்ல முடியும். அலைபேசித் திரையில் தனியாக உட்கார்ந்து இரவு மூன்று மணிக்குத் தோற்றவனுக்குச் சாட்சியும் இல்லை, தாழ்வாரத்தில் தோளில் கைபோட ஆளும் இல்லை.

என் நண்பனிடம் சொந்தமாக ஒரு பேட் பீட் இருக்கிறது. மெயின் ஈவென்ட் நடக்கும் நாட்களில் அங்கே நடக்கும் சின்னப் போட்டி ஒன்றில் ஒருமுறை ஆடினான். கையில் ஆஸ் ஜோடி. எதிரே எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர், ராணி ஜோடி. சீட்டு விழுவதற்கு முன்பே இருவர் பணமும் உள்ளே. ஃப்ளாப்பில் ஒன்றும் இல்லை, டர்னில் ஒன்றும் இல்லை. 44-இல் இரண்டே சீட்டு. ரிவரில் ஆட்டின் ராணி.

முதல் வருஷம் இந்தக் கதையில் அந்த ராணி மட்டும்தான் இருந்தாள். எத்தனை சதவீதம், எவ்வளவு சிப், இன்னும் எத்தனை பேர் போனால் பரிசுத் தொகை. வருஷம் ஆக ஆக சிப் கணக்கு மங்கிவிட்டது. இப்போது சொல்லும்போது பெரியவர்தான் வருகிறார். ராணி விழுந்ததும் அவர் சிரிக்கவில்லையாம். தன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்தாராம். குவிந்த சிப்பைத் தொடாமல், இவன் எழுந்து பையை மாட்டும்வரை காத்திருந்தாராம்.

போன ஜூலையில் ஓர் இரவு மறுபடி சொன்னான். ஒளிபரப்பில் இடைவேளை விட்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

“அந்தப் பெரியவர் பேரு என்னடா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“கேக்கலைடா. அவருதான் என் பேரைக் கேட்டாரு. எந்த ஊருன்னு கேட்டாரு. மதுரைன்னு சொன்னேன், அவருக்குத் தெரியல. சொல்லு, திரும்ப ஒரு தடவை சொல்லுன்னாரு. நான் மூணு தடவை சொன்னேன்.”

இடைவேளை முடிந்து மேஜைக்கு ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். “சரி, வை. ஆரம்பிச்சிட்டாங்க பாரு” என்றான். யாரும் வைக்கவில்லை.