தாழ்ந்த லாரியை உயர்த்துதல்

தாழ்ந்த லாரியை உயர்த்துதல் என்பது டயரிலோ காற்றுப்பையிலோ காற்று இறங்கித் தரையை ஒட்டி நிற்கும் லாரியை, அடியில் வேலை செய்வதற்காகத் தூக்கி நிறுத்துவதாகும். செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் வழியாகச் செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை போன்ற சாலைகளில் இவ்வேலை சாலையோரத்திலேயே நடப்பதுண்டு.

அச்சுக்கு அடியில் ஜாக்கி நுழையாதபோது குழி தோண்டுவார்கள். மழையில் ஊறிய மண்ணில் இது ஆபத்து. சக்கரத்தைத் தடித்த பலகைமீது மெல்ல ஏற்றினாலே இடைவெளி கிடைக்கும். இரண்டு அச்சு லாரிக்கு 2018 முதல் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 18.5 டன், அதில் பின் அச்சின் பங்கு 11.5 டன் வரை. எனவே சரக்கை இறக்கிவிட்டுத் தூக்குவது நல்லது.

கை பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களையே பிடிக்கும். அவை தரையை விட்டு எழுந்ததும் வண்டி உருளக்கூடும். ஆகவே முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைக்க வேண்டும்.

ஜாக்கியில் எடையைத் தாங்குவது உள்ளே அடைபட்ட எண்ணெய். ஒரு ரப்பர் வளையம் கிழிந்தாலே வண்டி சட்டென இறங்கிவிடும். அதனால் உறுதியான தரையில் இரும்பு ஸ்டாண்டு வைத்து, வண்டியை அதன்மீது இறக்கிய பிறகே அடியில் நுழைய வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் இதற்கு உதவா. பளு ஒரு முனையில் அழுத்தினால் நொறுங்கிவிடும். காற்றுப்பை உள்ள வண்டியில் அச்சை மட்டும் தாங்குவது போதாது. பையில் காற்று இறங்கினால் சேசிஸ் கீழே வரும் என்பதால், சேசிஸுக்கும் தனியே ஸ்டாண்டு வைக்கப்படுகிறது.