முழங்கால் நோவும் தோட்டத்துக் கணக்கும்

யட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் மரம் நன்றாகப் பால் சுரக்கும். அந்த நேரத்தில் லயத்துப் படிகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கும் ஓர் அம்மாவையாவது காண்பீர்கள். வயது நாற்பத்தைந்து, ஐம்பது இருக்கும். கேட்டால், "குளிருக்குப் பிடிச்சிருக்கு, நடந்தா சரியாயிடும்" என்பார். கங்காணியிடமும் அதையே சொல்வார். உண்மையைச் சொன்னால் நாளைக்குப் பேர் போடமாட்டார்களோ என்ற பயம் அவருக்கு.

நம் வாசகர்களில் பலர் சொந்த நிலத்தில் பயிர் செய்து வாழ்ந்தவர்கள். போரினால் ஊரை விட்டு வந்தவர்களும் உண்டு; 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்ததைப் போன்ற அழிவுகளால் இடம் மாறியவர்களும் உண்டு. சொந்த வயலில் கால் நோகும் அன்று வரப்பில் சற்று உட்கார்ந்து எழும்பலாம். மிச்ச வேலையை நாளைக்குப் பார்க்கலாம். கூலி வேலைக்குப் போனபின் நேரமும் அளவும் பிறர் கையில். ஆகவே மூட்டுவாதம் உள்ளவருக்கு வேலைத்தலத்தில் என்ன உதவி செய்யலாம், அதற்கு யாருக்கு என்ன செலவு, என்ன பயன் என்பதைக் கணக்காகவே பார்ப்போம்.

நோவு எங்கிருந்து வருகிறது?

எல்லா மூட்டு நோவும் ஒன்றல்ல. அதிகமாகக் காண்பது மூட்டுத் தேய்வு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019 இல் 52 கோடியே 80 இலட்சம் பேருக்கு இது இருந்தது. அவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் பெண்கள். முழங்காலையே இது மிகுதியாகத் தாக்குகிறது. குந்தியிருந்து செய்யும் வேலை, பாரம் தூக்குதல், உடற்பருமன் ஆகியவை இதை வளர்க்கும்.

இரண்டாவது முடக்குவாதம். காலையில் எழும்பும்போது விரல்கள் ஒரு மணி நேரம்வரை விறைத்துக் கிடக்கும். இரு கைகளிலும் மூட்டுகள் வீங்கும். இதற்கு ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் விரல் கோணாமல் காக்கலாம். பிந்தினால் கோணிய விரல் நிமிராது.

மூன்றாவது சிக்குன்குனியாக் காய்ச்சலுக்குப் பின் மாதக்கணக்கில் நிற்கும் நோவு. 2006 இன் இறுதியில் இலங்கையில் இக்காய்ச்சல் பெரிதாகப் பரவியது. 2007 இல் கேரளத்தின் ரப்பர் மாவட்டங்களையும் வாட்டியது. பால் பிடிக்கும் சிரட்டையில் மழைநீர் தேங்கினால் நுளம்பு பெருகும். வெட்டு இல்லாத நாட்களில் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பதும் மூட்டைக் காக்கும் வேலைதான். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

வேலையின் தன்மையையும் பார்க்க வேண்டும். புது மரத்தில் வெட்டு ஏறக்குறைய நான்கடி உயரத்தில் தொடங்கி, ஆண்டுக்காண்டு கீழே இறங்கி வரும். அடிப்பட்டைக்கு வந்துவிட்டால் மரத்துக்கு மரம் குனிந்தோ குந்தியோதான் வெட்ட முடியும். ஒருவர் நாளொன்றுக்கு வெட்டும் மரம் ஏறக்குறைய 300. அதாவது முழங்கால் 300 தடவை மடங்கி நிமிர வேண்டும். பிறகு பால் வாளியைச் சுமந்து சரிவில் இறங்க வேண்டும். தேயிலை மலையிலோ கூடையின் பாரம் கழுத்துக்கும், கொழுந்து கிள்ளுவது பெருவிரல் மூட்டுக்கும், சரிவில் இறங்குவது முழங்காலுக்கும் வருத்தம்.

மறைப்பதற்குக் கொடுக்கும் விலை

நோவை மறைப்பவர் கடையில் குளிசை வாங்கி விழுங்குகிறார். நோவு தணிக்கும் குளிசைகளை நெடுநாள் எடுத்தால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். அப்படியும் முடியாத நாளில் லயத்தில் படுக்கிறார். அன்றைய சம்பளம் போகிறது. அத்துடன் முடிவதில்லை. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. நூற்றுக்கு 75 நாள் வேலைக்கு வந்தவருக்கு வருகைக் கொடுப்பனவு நாளுக்கு 60 ரூபா. கால் நோவினால் சில நாள் நின்றவர், வந்த நாட்களுக்குரிய 60 ரூபாவையும் இழந்தார். 2019 ஒப்பந்தத்தில் அந்தக் கொடுப்பனவே எடுபட்டுவிட்டது. ஆனாலும் "வராதவர்" என்ற பெயர் இன்றும் வேலைக்கு ஆபத்துத்தான்.

ஓர் உதாரணக் கணக்கு

நோவினால் ஒருவர் மாதம் 18 நாள்தான் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 18 சம்பளத்துக்கு 5,400 மரம் வெட்டப்படுகிறது. மாற்று ஆள் இல்லாவிட்டால் மற்ற நாட்களில் அவருடைய மரங்கள் சும்மா நிற்கும்.

இப்போது சிறு உதவிகள் செய்கிறோம். அடிவெட்டு மரங்களை இளையவருக்குக் கொடுத்து, மேல்வெட்டு மரங்களை இவருக்குக் கொடுக்கிறோம். கத்தியை நாள்தோறும் தீட்ட ஏற்பாடு செய்கிறோம். கூரான கத்திக்குக் கைப்பலம் குறைவாகப் போதும். வாளியைச் சிறிதாக்கி இரண்டு நடையாகச் சுமக்க விடுகிறோம், அல்லது கூட்டாளி ஒருவர் சுமக்கிறார். வழுக்கும் படிகளை வெட்டிச் சீர்செய்கிறோம். இவற்றால் அவர் 22 நாள் வந்தால், 22 சம்பளத்துக்கு 6,600 மரம். ஒரு சம்பளத்துக்கு அதே 300 மரம்தான், தோட்டத்துக்கு நட்டமில்லை. அவருக்கோ ஆண்டுக்கு 48 நாள் சம்பளம் கூடுதல். அதன்மேல் தோட்டம் கட்டவேண்டிய 12 வீதச் சேமலாப நிதியும் 3 வீத நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் சேர்த்தால் இன்னும் ஏழு நாள் சம்பளத்துக்குச் சற்று மேல்.

எல்லா உதவியும் இப்படி மலிவானதல்ல, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மரத்தொகையை 240 ஆகக் குறைத்து முழுப்பேரும் போட்டு, அவர் 24 நாள் வந்தால் 5,760 மரம். முன்னையதைவிட 360 மரம்தான் கூடுகிறது. சம்பளமோ ஆறு கூடுகிறது. இதை எப்போதும் கொடுக்கத் துரைமார் தயங்குவதில் வியப்பில்லை. அடுத்த நிரையில் 300 மரம் வெட்டுபவரும் முணுமுணுப்பார். ஆகவே வீக்கம் கண்ட இரண்டொரு வாரத்துக்கு மட்டும் அளவைக் குறைக்கக் கேட்பது நியாயம். நெடுங்காலத்துக்கு முடியாதவருக்குத் தவறணையில் பை நிரப்புவது, பிள்ளை மடுவம், ஸ்டோர் வேலை என்று மாற்றுவது நல்லது. அங்கேயும் தரையில் குந்தவிடாமல் ஒரு வாங்கு போடவேண்டும்.

கணக்கில் எழுதப்படாத ஒரு பயனும் உண்டு. கைதேர்ந்த பால்வெட்டி பட்டையை மட்டும் சீவுவார், மரத்தைக் காயப்படுத்தமாட்டார். பழகாத கை ஆழமாக வெட்டினால் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பின்னால் அங்கே வெட்ட முடியாது. அனுபவமுள்ளவரை வைத்துக்கொள்வது மரத்தின் ஆயுளையும் காப்பதாகும்.

பிற நாடுகளிலும் இதே பாடம். அமெரிக்காவில் 1990 சட்டப்படி, இயலாமை உள்ள பணியாளருக்கு ஏற்ற மாற்றங்களைத் தொழில்கொடுநர் செய்ய வேண்டும். அங்கே நடந்த விசாரிப்புகளில் ஏறக்குறையப் பாதி மாற்றங்களுக்குச் செலவே ஆகவில்லை என்று தெரிந்தது. அதே கடமையைச் சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்றது.

தெரிந்திருக்க வேண்டியவை

பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவரை, ஒழுக்கக் குற்றம் இல்லாமல், அவரது எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நிறுத்த முடியாது. இது 1971 சட்டம். நாட்கள் குறைந்தால் இந்தக் காப்பும் போய்விடலாம்.

1983 பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 12 வருடத்தில் விலகினால் 168 நாள். 20 வருடம் நின்றால் 280 நாள். நோவினால் அவசரப்பட்டு விலகுமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

சிறுதோட்டத்தில் கைக்காசுக்கு வேலை செய்வோருக்குப் பணிக்கொடை கிடைக்காமல் போகலாம். ஆனால் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் சேமலாப நிதி கட்டவேண்டும். நிரந்தரமாக, முற்றாக வேலை செய்ய முடியாதவர் என்று வைத்தியர் சான்று தந்தால் வயது வருமுன்னும் அந்தப் பணத்தைக் கேட்கலாம்.

மலையில் விழுந்து முழங்கால் அடிபட்டால் அன்றே தோட்ட மருந்துச்சாலையில் பதியச் செய்யுங்கள். விபத்துக்கு 1934 சட்டப்படி நட்டஈடு உண்டு; ஆண்டுக்கணக்கில் தேய்ந்த மூட்டுக்கு அந்த வழி எளிதன்று.

அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக் இலவசம். கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு நாள் சம்பளம் நட்டம்தான். ஆனால் கையில் வைத்தியரின் துண்டு இருந்தால், துரையிடம் பேசும்போது அது நோவுக்குச் சாட்சி. தனியே போகவேண்டாம், மாதர் சங்கத்திலோ தொழிற்சங்கத்திலோ ஒருவரை அழைத்துப் போங்கள். "இரக்கப்படுங்கள்" என்று மட்டும் கேளாமல், "மேல்வெட்டு மரம் கொடுங்கள், நாலு நாள் கூட வருகிறேன்" என்று கணக்கோடு கேளுங்கள்.

கூடிப் பேச

1. நம் லயத்தில் நோவை மறைத்து வேலைக்குப் போவோர் எத்தனை பேர்? ஏன் மறைக்கிறார்கள்?
2. தோட்டத்தின் செலவில்லாமல் நாமே ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய உதவிகள் எவை?
3. வீட்டில் தண்ணீர், விறகு சுமப்பது யார்? அந்தப் பாரத்தைப் பகிர்ந்தால் அந்த முழங்காலுக்கு எவ்வளவு ஓய்வு கிடைக்கும்?