போத்தற்பாலும் உழைப்பு நேரமும்

குழந்தைக்குப் போத்தலிற் பால் பருக்கப் பழக்குதல் வீட்டுக்குள்ளே நிகழும் சிறு கருமமாகவே பலராலும் கருதப்படுகிறது. தாய்மையின் மேன்மையைப் பாடுவோர் போத்தலைத் தாயின் குறைபாடாகக் காண்பர். பால்மா வணிகரோ அதனை நாகரிகத்தின் சின்னமாகக் காட்டினர். இவ்விரு நோக்குகளும் ஓர் அடிப்படை வினாவைத் தவிர்த்துவிடுகின்றன. தாய் எவ்வளவு நேரம், குழந்தையிலிருந்து எவ்வளவு தூரத்தில், எத்தகைய நிபந்தனைகளின் கீழ் உழைக்கிறாள் என்பதே அவ்வினா. போத்தலின் வரலாற்றையும் அதனைப் பழக்கும் முறையையும் இவ்வினாவோடு தொடர்புபடுத்தி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கலமும் பண்டமும்

மார்பினின்றன்றிக் கலத்தினின்று பாலூட்டுதல் நமது மரபுக்குப் புதியதன்று. சீகாழியிலே உமையம்மை தன் பாலைப் பொற்கிண்ணத்திற் கறந்து சம்பந்தருக்கு ஊட்டியதாகப் பெரியபுராணம் கூறும். சங்கும் பாலாடையும் நம்மவர் வீடுகளில் நெடுங்காலம் வழங்கி வந்தவை. ஆயின், கலம் வேறு, பண்டம் வேறு. தாய்ப்பாலுக்கு ஈடென்று சொல்லப்பட்ட ஒரு பொருள் பேரளவில் உற்பத்தியாகிச் சந்தைக்கு வந்தமை கைத்தொழில் முதலாளித்துவத்தின் விளைவாகும்.

1867ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே தமது குழந்தை மாவை அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டில் மார்க்ஸின் ‘மூலதனம்’ முதற்பாகம் வெளிவந்தது. இவ்வொற்றுமை தற்செயலானதே, ஆயினும் பொருளற்றதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி வராமையால் லங்காஷயர் ஆலைகள் முடங்கின. வேலையிழந்த பெண்களுக்கு அப்பொழுதுதான் தம் குழந்தைகளுக்குப் பாலூட்ட நேரங் கிடைத்தது. அதற்கு முன்னர் அபின் கலந்த மருந்தே அக்குழந்தைகளுக்குப் புகட்டப்பட்டது. டொக்டர் எட்வேட் ஸ்மித் கண்டறிந்த இவ்வுண்மையை மார்க்ஸ் அந்நூலில் எடுத்துக்காட்டுகிறார். பொருளாதார நெருக்கடியே தாய்க்குப் பாலூட்டும் ஓய்வை அளித்தது என்னும் இம்முரண்பாடு ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

அக்காலப் பிரித்தானியாவிற் பரவிய போத்தலொன்று நீண்ட றப்பர்க் குழாயைக் கொண்டிருந்தது. எவரும் தூக்கிப் பிடியாமலே குழந்தை தானாகப் பருகலாம் என்பதே அதன் ‘வசதி’. குழாயின் உட்புறத்தைத் துப்புரவாக்க முடியாமையால் அங்கே கிருமிகள் பெருகின. பல குழந்தைகள் மாண்டன. மக்கள் அதனைக் கொலைப் போத்தல் என்றனர்.

கொலை என்ற சொல் மீண்டும் 1939இல் ஒலித்தது. சிங்கப்பூரிற் பணியாற்றிய டொக்டர் சிசிலி வில்லியம்ஸ், தகாத பாலை ஏழைத் தாய்மாரிடம் பரப்பும் விளம்பரத்தைக் கொலைக்கு ஒப்பிட்டு உரையாற்றினார். 1977இல் ஐக்கிய அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாற் பதிலீடுகளின் விற்பனைக்கான சர்வதேசக் கோவையை 118 வாக்குகளால் நிறைவேற்றிற்று. எதிர்த்து வாக்களித்த ஒரேயொரு நாடு ஐக்கிய அமெரிக்கா.

2. பழக்கும் முறை

இவ்வரலாற்றை அறிந்தபின் போத்தலை முற்றாகச் சபித்து ஒதுக்குதல் எளிது. ஆனால், நாளை வேலைக்குத் திரும்பவேண்டிய தாய்க்குச் சாபம் உதவாது. அவளுக்கு வேண்டியது முறையான அறிவு.

முதலாவதாக, தாய்ப்பாலூட்டல் நன்கு நிலைபெறும் வரை, அதாவது ஏறத்தாழ முதல் நான்கு கிழமைகளுக்கேனும், போத்தலைத் தவிர்த்தல் நன்று. மார்பிலே குழந்தை நாவையும் தாடையையும் இயக்கிப் பாலை வருவிக்கிறது. போத்தலிலோ பால் எளிதில் வடிகிறது. இவ்வேறுபாடே குழந்தையின் தடுமாற்றத்துக்குக் காரணம். வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டொரு கிழமைகள் முன்னரே பழக்கத் தொடங்கவேண்டும். கடும்பசியில் அழும் வேளை பொருத்தமானதன்று. தாயின் மணத்தை அறிந்த குழந்தை அவளிடம் மார்பையே நாடுமாகையால், தந்தையோ அம்மம்மாவோ கொடுத்துப் பார்க்கலாம். மெதுவாக வடியும் சூப்பியைத் தெரிந்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, போத்தலைக் கிடையாகச் சரித்து, இடையிடையே நிறுத்திக் கொடுத்தல் வேண்டும். மறுத்தால் வற்புறுத்தலாகாது. போத்தலைத் தலையணையில் முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு அகலுதல் ஆபத்தானது.

கொடுப்பது கறந்த தாய்ப்பாலாயின் மிக நன்று. கைகளைக் கழுவி, கொதிநீரிலிட்ட கலத்திற் கறந்த பாலைக் குளிர்ந்த அறையில் நான்கு மணித்தியாலமும் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாட்களும் வைத்திருக்கலாம். பால்மாவாயின், கொதித்த நீர் 70 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறுமுன் அளவாக மாவைக் கலந்து, பின்னர் இளஞ்சூட்டுக்கு ஆற்றி, இரண்டு மணித்தியாலத்துள் பருக்கவேண்டும், எஞ்சியதைக் கொட்டிவிடவேண்டும். போத்தலைத் துப்புரவாக வைத்திருக்க முடியாவிடின் கிண்ணத்தினால் ஊட்டுவதே பாதுகாப்பானது. நமது சங்கும் பாலாடையும் இவ்வகையில் இன்றும் பயன்படத்தக்கவையே.

மேற்கூறிய ஒவ்வொரு விதியும் ஒரு பொருளாதார நிபந்தனையை உள்ளடக்கியிருத்தலை நோக்குக. கொதிநீருக்கு விறகோ எரிவாயுவோ வேண்டும். எஞ்சிய பாலைக் கொட்டுவதற்கு மீண்டும் மா வாங்கும் பணம் வேண்டும். வறிய தாய் மாவைக் குறைத்து நீரைக் கூட்டுவது அறியாமையினால் மட்டுமன்று. பேணி மாதக்கடைசி வரை வரவேண்டும் என்பதனாலுமாகும். ஆகவே, அறிவுரை மட்டும் போதாது.

3. சட்டமும் நேரமும்

குழந்தைக்கு முதல் ஆறு மாதங்களும் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதப்புரை. இலங்கையிலோ 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரும், 84 நாள் விடுமுறையையே வழங்குகிறது. விடுமுறைத் தினங்களை நீக்கி எண்ணினாலும் அது ஆறு மாதத்தை எட்டாது. இந்த இடைவெளியிலேதான் போத்தல் நுழைகிறது.

ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வேலைநேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளையும் அச்சட்டம் விதித்துள்ளது. ஆனால், மலையகத்தில் மலையேறிக் கொழுந்தெடுக்கும் தாய்க்கும் பிள்ளைக்காம்பராவுக்குமிடையே உள்ள தூரத்தைச் சட்டம் நடந்து கடப்பதில்லை. குறித்த நிறை கொழுந்து சேராவிடின் அரைப்பேர் விழும் முறை நிலவுமிடத்து, பாலூட்டச் சென்று வரும் ஒவ்வொரு நிமிடமும் கூலியினின்று கழிகிறது. இங்கே தாய் போத்தலைத் ‘தெரிவு’ செய்கிறாள் என்பது பொருந்தாது.

எனவே, போத்தலுக்கு எவ்வாறு பழக்குவது என்ற வினாவுக்குரிய விடை இருபகுதியானது. ஒன்று, பொறுமையும் துப்புரவும் கொண்ட முறை; அதனைத் தாய்மார் கற்றுக்கொள்ளலாம். மற்றது, கூலிக் குறைப்பில்லாத பாலூட்டும் நேரமும், வேலைத்தலத்துக்கு அண்மையில் குழந்தைக் காப்பகமும், ஆறுமாத விடுமுறையும் ஆகும். இவற்றைத் தாய் தனியே நின்று பெறமுடியாது. தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் இவற்றைச் சம்பள உயர்வுக்குச் சமமாக வைத்துப் போராடும்போதே, போத்தல் கட்டாயமாக அன்றித் தாயின் உண்மையான தெரிவாக அமையும்.