கரிசல் காட்டு மான்கள்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நான்குவழிச் சாலையில், அருப்புக்கோட்டையைக் கடந்து பந்தல்குடிப் பக்கமாகப் பிரயாணம் செய்கிறவர்களுக்கு, இருபுறமும் விரிந்து கிடக்கும் கரிசல் புன்செய்களும், முள் மண்டிய புறம்போக்குகளும், வற்றிய கண்மாய்களின் கரைகளும் வனம் என்ற எண்ணத்தை ஒருநாளும் உண்டாக்குவதில்லை. ஆயினும் இவ்வூர்க்காரர்கள் தங்கள் புன்செயைக் ‘காடு’ என்றே சொல்லுகிறார்கள். புள்ளிமானும் காட்டுப்பன்றியும் மயிலும் முயலும் அந்தச் சொல்லை இன்றளவும் மெய்யாக்கிக்கொண்டிருக்கின்றன.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே மலையடிவாரத்தில் சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் ஒரு சரணாலயம் ஏற்பட்டது. 2021-இல் அம்மலைப் பிரதேசம் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. கிழக்கே திருச்சுழி வட்டாரத்துக்கு அப்படியொரு பெயர் கிடைக்கவில்லை. வருவாய்த்துறைக் கணக்கில் அது தரிசு, புறம்போக்கு என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிட்டது. புல்லும், இடையிடையே வெள்வேலும், குடை விரித்தாற்போன்ற உடைமரமும் நிற்கும் இத்தகைய வறள்நிலத்தை ஆப்பிரிக்காவில் கண்டால் ‘சவன்னா’ என்று வியக்கிற நாம், நம் வாசலில் இருப்பதைப் பாழ்நிலம் என்று எழுதி வைத்தது பெரும் பிழை என்பதே என் அபிப்பிராயம்.

இந்த நிலத்தில் எந்தப் பிராணி எங்கே வசிக்கும் என்பதை மழைக்கு அடுத்தபடியாகத் தீர்மானித்து வந்தது ஆட்டுமந்தை. அறுவடை முடிந்த காட்டில் இரவுதோறும் ஆடுகளைக் கிடை போட்டு, அவற்றின் புழுக்கையாலும் மூத்திரத்தாலும் மண்ணுக்கு உரமேற்றுவது இங்குள்ள கீதாரிகளின் பரம்பரைத் தொழில். இதன் பெருமையை உணர, கென்யா தேசத்தின் லைக்கிப்பியா பீடபூமியைப் பார்க்க வேண்டும். அங்கே மாடுகளை இரவில் அடைத்து வைத்த பட்டிகள் கைவிடப்பட்ட பின்பும், அவ்விடத்து மண் பல பத்தாண்டுகள் செழிப்புக் குன்றாமலிருந்து, சத்துள்ள புல்லை முளைப்பித்து, இம்பாலா முதலிய மான்களைத் தன்பால் ஈர்ப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். மேய்ப்பனும் மானும் ஜன்ம விரோதிகள் அல்லர். மந்தை அளவோடு இருந்து, இடம் மாறி மாறி மேயுமானால், அதன் காலடியிலேயே காட்டு ஜீவன்களுக்கும் ஆகாரம் உண்டாகிறது.

மேய்ச்சலின் ஒழுங்கைக் குலைத்தது சீமைக் கருவேலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்து, பின்னர் விறகுக்காக இப்பிரதேசத்தில் பரப்பப்பட்ட அம்மரத்தின் இனிய நெற்றுகளை ஆடுமாடுகள் விரும்பித் தின்று, செரியாத விதைகளைச் சாணத்தோடு கண்மாய் உள்வாய் முதல் மேய்ச்சல் புறம்போக்கு வரை விதைத்துவிட்டன. நெருங்கி வரும் பகையை எட்டத்திலேயே காணும் திறந்த வெளியை நாடுகிற வெளிமானுக்கு இம்முட்புதர் ஆகாது. தென்கோடியில் அது இயற்கையாக வாழும் வல்லநாட்டுக் குன்று, 1987-இல் சரணாலயமாக்கப்பட்ட ஏறத்தாழ 16 சதுர கிலோமீட்டர் நிலமே. பகலில் மறைந்திருந்து அந்தியில் வெளிவரும் புள்ளிமானுக்கும் பன்றிக்குமோ அதே புதர் அரணாக வாய்த்தது. அவை இரவில் மக்காச்சோளத்திலும் உளுந்திலும் இறங்குகின்றன. ஒரே இரவில் ஒரு போகத்தை இழந்து நிற்கும் சம்சாரியின் வயிற்றெரிச்சலை நான் சிறிதும் குறைத்துச் சொல்லமாட்டேன். வனத்தை விட்டு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று தமிழக அரசு 2025-இல் அறிவித்ததும் அந்த வேதனையினால்தான்.

சாலை செய்யும் காரியம் சீமைக் கருவேலம் செய்வதினும் கொடியது. ஒரு கண்மாயில் முள் வெட்டப்பட்டாலும், தண்ணீர் வற்றினாலும், மான் அடுத்த கண்மாயைத் தேடி நடந்தாக வேண்டும். அந்தப் பழைய தடத்தின் குறுக்கே நான்குவழிச் சாலை கிடக்கிறது. தார்ச்சாலையிலிருந்து வழிந்தோடும் மழைநீரால் ஓரங்களில் கோடையிலும் சிறிது பசும்புல் தலைகாட்டுவதால், ஆபத்தான இடமே ஆசை காட்டும் இடமாகவும் ஆகிவிடுகிறது. பாதி தூரம் கடந்த மான், நடுத்திட்டின் அரளிச் செடிகளுக்கு அப்பால் வருவதைக் காண முடியாமல் விளக்கொளியில் திகைத்து நின்றுவிடுகிறது. திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமண மகரிஷியின் திருவண்ணாமலை ஆசிரமத்தில் ஒரு மானுக்குச் சமாதி எழுப்பி மரியாதை செய்திருக்கிறார்கள். அவர் பிறந்த மண்ணின் மான்களோ சாலையோரத்தில் கிடக்கின்றன.

இதைத் தடுக்கப் புதிதாகப் பெரும் பொருட்செலவு செய்ய வேண்டியதில்லை. இச்சாலைகளின் அடியில் ஓடைகளுக்காகக் கட்டிய பாலங்கள் ஏற்கெனவே இருக்கின்றன; அவற்றில் குப்பையும் முள்ளும் அடையாமல் வைத்திருந்தாலே பல பிராணிகளுக்கு அது வழியாகும். சீமைக் கருவேலத்தை அகற்றுகிறவர்கள் ஒரே மூச்சில் அகற்றாமல், பகுதி பகுதியாக வெட்டி, அவ்விடத்தில் புல்லையும் உடையையும் வெள்வேலையும் மீட்டுக்கொண்டு வரட்டும். அந்தி வேளையில் அவ்வழியே வாகனம் ஓட்டும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு மான் சாலையைக் கடந்துவிட்டது என்று வேகத்தைக் கூட்டாதீர்கள், அதன் பின்னே குட்டியோடு இன்னொன்று வரக்கூடும், சற்று நின்று போங்கள்.