விளம்பரப் படத்தை நம்பி கேம் வாங்கலாமா?

திண்டிவனம் - விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், பக்கத்துக் கம்பங்கள் பறக்கும். தூரத்துப் பனைமரங்கள் மெல்ல நகரும். ரேஸ் கேமில் வேகத்தை உணரவைப்பதும் இதுதான். அசையாத விளம்பரப் படத்தில் இது தெரியாது. அதைப் பார்த்து 'கிராபிக்ஸ் செம' என்று முன்பதிவு செய்வது, போர்டில் இருக்கும் பிரியாணியை நம்பி ஆர்டர் செய்வது மாதிரி!

2011 டிசம்பரில் கையடக்க நின்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு வந்த 'மரியோ கார்ட் 7' ஞாபகம் இருக்கிறதா? திரையில் ஒரு கண்ணுக்கு 400-க்கு 240 புள்ளிகள்தான். இன்றைய செல்போன் முன்னால் அது சும்மா. ஆனாலும் முப்பரிமாணத்திலேயே நொடிக்கு 60 பிரேம்கள் வழுக்கிக்கொண்டு ஓடின.

புது கேம் வருகிறதா? அந்தக் கருவியிலேயே ஓடும் வீடியோவுக்குக் காத்திருங்கள். வண்டிகள் முண்டியடிக்கும் வளைவில் படம் திக்குகிறதா, தூரத்து மரம் திடீரென முளைக்கிறதா என்று கவனியுங்கள். முளைத்தால், பர்ஸ் பையிலேயே இருக்கட்டும்.